கொம்பும் பாறையும்

(மண்டைதீவில் மார்கழி மாலையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

டிசம்பர் 5ஆம் திகதி இரவு ஆஸ்திரிய மலையூர்களில் பிள்ளைகளுக்கு நித்திரை வராது. மறுநாள் புனித நிக்கலஸ் திருநாள். ஆயருக்குரிய உயர்ந்த முடியும் செங்கோலுமாக நிக்கலஸ் வீடு வீடாக வருவார். சொற்கேட்ட பிள்ளைகளுக்கு அப்பிளும் கொட்டைகளும் தருவார். அவருக்குப் பின்னால் இன்னொருவனும் வருவான். உடம்பு முழுக்க ஆட்டுத்தோல், மரத்தில் செதுக்கிய முகமூடி, அதில் பொருத்திய உண்மையான ஆட்டுக்கொம்பு, நாடிக்குக் கீழே தொங்கும் சிவந்த நாக்கு, இடுப்பில் மாட்டுமணி, காலில் இழுபடும் சங்கிலி, கையில் ஒரு கட்டு மிலாறு. முதுகில் கடகம் போல ஒரு கூடை. குழப்படி செய்த பிள்ளைகளை அதற்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்பது கதை. அவன் பெயர் கிராம்புஸ்.

மண்டைதீவில் வளர்ந்தவர்களுக்கு இவன் முழு அந்நியன் அல்லன். சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம், "பிள்ளைபிடிகாரன் வாறான், சாக்குக்குள்ளை போட்டுக்கொண்டு போகப்போறான்" என்று சொல்லாத வீடு தீவுப்பகுதியில் அரிது. ஒரு வேறுபாடு உண்டு. நம்முடைய பிள்ளைபிடிகாரனை எவரும் கண்டதில்லை. அவர்களுடையவன் ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் தட்டி உள்ளே வந்து, அப்பா அம்மாவின் முன்னிலையிலேயே உறுமிவிட்டுப் போவான். முகமூடிக்குள் இருப்பவன் பக்கத்து வீட்டு இளைஞன் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத்தான் தெரியாது.

அந்தக் கிராம்புஸ் இப்போது காதல் நாவலின் கதாநாயகன். ஒவ்வோர் ஆண்டும் நத்தார் நெருங்க, ஆங்கிலத்தில் அவனை நாயகனாக வைத்த குறுநாவல்கள் மின்நூல்களாக வந்து குவிகின்றன. எழுதுபவர்களிலும் வாசிப்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளைத் தூக்கிப்போக வந்தவன் பெண்களின் மனத்தைத் தூக்கிப்போகிறவனாக எப்படி மாறினான்? சிரித்துவிட்டுக் கடந்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் சற்று இழுத்துப் பார்த்தால் நூலின் மறுநுனி நயினாதீவில் வந்து முடிகிறது.

முதலில் அவன் பிறப்பு. கிராம்புஸ் கிறிஸ்தவத்துக்கு முந்திய பழந்தெய்வம், வட ஐரோப்பியப் பாதாள தேவதையான ஹெல்லின் மகன் என்று இணையத்தில் எங்கும் எழுதியிருக்கும். அந்தத் தாயுறவுக்குப் பழைய ஏடுகளில் ஆதாரம் கிடையாது. புரோம் என்ற எழுத்தாளர் 2012இல் வெளியிட்ட கிராம்புஸ் நாவல் பரப்பிய கற்பனை உறவு அது. ஆல்ப்ஸ் மலைநாட்டில் பெர்க்தா என்ற குளிர்காலப் பெண்பேய் பற்றிய நம்பிக்கையும், நத்தாருக்கும் திருக்காட்சித் திருநாளுக்கும் இடைப்பட்ட இரவுகளில் முகமூடி போட்டு ஓடும் வழக்கமும் இருந்தது உண்மை. யாக்கோப் கிரிம் 1835இல் ஜெர்மானியப் புராணவியல் நூலை வெளியிட்ட பிறகு, கிராமத்துச் சடங்கு எதைக் கண்டாலும் அதற்குள் ஒரு புதைந்த பழந்தெய்வத்தைத் தேடுவது அறிஞர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கிராம்புஸுக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

கையில் கிடைக்கும் சான்றுகள் காட்டும் வழி வேறு. 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை மக்களைத் தன்பால் உறுதிப்படுத்த நாடகத்தைக் கருவியாக்கியது. நிக்கலஸ் நாடகங்கள் ஊர் ஊராக, வீடு வீடாக நடந்தன. அவற்றில் புனிதருக்கு ஏவல் செய்யும் பிசாசுகள் வந்தன. சங்கிலி ஏன் என்றால், அது திருச்சபை கட்டிப்போட்ட பிசாசு. யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எஸ்தாக்கியாரும் ஞானசவுந்தரியும் மேடையேறிய ஊர்களில், புனிதருக்குப் பக்தி கிடைத்தது. கைதட்டல் பொல்லாதவனாக ஆடியவனுக்குக் கிடைத்தது. ஆல்ப்ஸிலும் அதுவே நடந்தது. நாடகம் மெலிந்தது. நிக்கலஸ் ஓரிரு வரி பேசிவிட்டு ஒதுங்கினார். பிசாசு தெருவைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த திருப்பம் தபாற்கந்தோரில் நடந்தது. உலகின் முதல் தபாலட்டையை ஆஸ்திரியா–ஹங்கேரி 1869 ஒக்டோபர் 1ஆம் திகதி வெளியிட்டது. சில பத்தாண்டுகளில் படம் அச்சிட்ட அட்டைகள் பெருகின. டிசம்பர் தொடக்கத்தில் அனுப்புவதற்கென்றே கிராம்புஸ் அட்டைகள் வந்தன. அழுகிற பிள்ளையைக் கூடைக்குள் திணிக்கும் படங்கள் ஒருபுறம். மறுபுறம், வளர்ந்தவர்கள் வளர்ந்தவர்களுக்கு அனுப்பியவை: பட்டுச்சட்டை போட்ட பெண்ணின் முன் முழந்தாளிட்டு நிற்கும் கிராம்புஸ், பூங்கொத்து நீட்டும் கிராம்புஸ், கண்ணடிக்கும் கிராம்புஸ். சில அட்டைகளில் கொம்பு வைத்தவள் பெண். அவளுடைய கூடைக்குள் தொப்பி கோட்டோடு ஆண்கள் கிடப்பார்கள். வியன்னாவில் உலர்த்திய பிளம்ஸ் பழங்களைக் கோத்துச் செய்த கிராம்புஸ் பொம்மைகள் விற்றன. பிசாசைத் தின்பண்டமாக்கிவிட்ட நகரம் அவனைக் காதலனாக்கியதில் வியப்பில்லை. இன்றைய நாவலாசிரியைகள் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முகம் சுளிப்பவர்கள், 1900ஐ ஒட்டிய அந்த அட்டைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இடையில் அவனுக்குக் கெட்ட காலமும் வந்தது. 1930களில் ஆஸ்திரியாவின் எதேச்சாதிகார ஆட்சிக்கு அவன் பிடிக்கவில்லை, தடைகள் வந்தன. போருக்குப் பின், 1950களில், கிராம்புஸ் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறான் என்று துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். இரண்டையும் தாண்டினான். 2004இல் அமெரிக்காவில் அந்தப் பழைய தபாலட்டைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. 2015இல் ஹொலிவூட் படமும் வந்தது. அதற்குப் பிறகு அவனுக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை.

தெருவில் ஓடும் கிராம்புஸ் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கிராம்புஸ் ஓட்டம் இளைஞர் கூட்டங்களின் விளையாட்டு. குடியும் உண்டு. இளம்பெண்களைத் துரத்தி அவர்களின் காலில் மிலாறால் அடிப்பது பல ஊர்களில் நெடுநாளாக நடந்த வேடிக்கை. அடிபட்ட பெண்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததா என்பதை யாரும் கேட்கவில்லை. முகமூடி போட்டவன் யார் என்று தெரியாதல்லவா? இன்று சில ஊர்களில் வேடக்காரர்கள் இலக்கம் மாட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். அத்துமீறினால் இலக்கத்தை வைத்து முறைப்பாடு செய்யலாம்.

இதையும் காதல் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலின் வழக்கமான கதை இது: நிச்சயித்த கலியாணம் குழம்பிய ஒருத்தி, அல்லது வேலையில் சலித்த ஒருத்தி, நத்தாருக்கு மலைவீடொன்றுக்குப் போகிறாள். பனி கொட்டி வழி அடைபடுகிறது. இரவில் கொம்புள்ளவன் வருகிறான். அவனிடம் குழப்படிக்காரர் பட்டியல் இருக்கிறது. அதில் அவள் பெயரும் இருக்கிறது. அதாவது, அவள் மறைத்த எல்லாம் அவனுக்குத் தெரியும், தெரிந்தும் வெறுக்கவில்லை. அதன் பிறகு அவன் செய்யும் முதல் காரியம் அவளுடைய விருப்பத்தைக் கேட்பது. தெருவில் கேட்காமல் அடித்தவன் புத்தகத்தில் கேட்டுவிட்டுத் தொடுகிறான். பேயுருவம் கொண்டவனே கேட்கிறபோது, கொம்பில்லாத ஆண்களுக்கு என்ன குறை என்ற கேள்வி வாசகியின் மனத்தில் எழாமலா இருக்கும்?

இந்தக் கதைவகை கிராம்புஸோடு தொடங்கவுமில்லை. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயுஸ் எழுதிய கியூபிட்–சைக்கி கதையில், தன் கணவன் ஒரு கொடிய பாம்பு என்று சகோதரிகள் சைக்கியை நம்பவைக்கிறார்கள். 1740இல் வில்நெவ் அம்மையார் எழுதிய 'அழகியும் அரக்கனும்' பிரெஞ்சு நாட்டில் பெற்றோர் நிச்சயித்த திருமணத்துக்குள் தள்ளப்பட்ட பெண்களின் பயத்தைப் பேசியது. அதில் ஒவ்வோர் இரவும் அரக்கன் அவளிடம் அனுமதி கேட்கிறான். அமெரிக்க எழுத்தாளர் ரூபி டிக்சன் 2015இல் சொந்தமாக வெளியிட்ட ஒரு நாவலில், பனி மூடிய கோளொன்றில் கொம்பும் நீலத்தோலும் உடைய வேற்றுலகவாசிகள் காதலர்கள். 2021இல் டிக்டொக்கில் வாசகிகள் அதைப் பற்றிப் பேசப் பேச, பெரிய பதிப்பகமே தேடி வந்து அச்சிட்டது. பனி, கொம்பு, அடைபட்ட வழி எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

பனி இல்லாத நாட்டில் அந்த வேலையைக் கடல் செய்கிறது. பண்ணைத் தாம்போதி மண்டைதீவை யாழ்ப்பாணத்தோடு கட்டிப்போட்டுவிட்டதால் இங்கே அது அவ்வளவாகத் தெரியாது. குறிகட்டுவானில் போய் நின்று பாருங்கள். கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுப் படகு நின்றுவிடும். அங்கே இருப்பவர் அங்கே, இங்கே இருப்பவர் இங்கே. இரண்டு பேரை ஓர் இடத்தில் அடைத்துவைக்க ஒரு கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்முடைய நாட்டின் பழங்கதைகளில் அரக்கக் காதல் எப்படி இருந்தது? மகாவம்சத்தின் 6ஆம் அதிகாரத்தில் வங்க நாட்டு இளவரசி சுப்பதேவியின் கதை வருகிறது. அவள் தானாகவே வீட்டை விட்டு வெளியேறி வணிகச் சாத்தோடு போகிறாள். லாட நாட்டுக் காட்டில் சிங்கம் பாய, எல்லாரும் சிதறி ஓடுகிறார்கள். அவள் மட்டும் தன்னை நெருங்கிவந்த சிங்கத்தைப் பயப்படாமல் தடவிக்கொடுக்கிறாள். அது அவளைக் குகைக்குக் கொண்டுபோகிறது. இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. பதினாறு வயதில் மகன் சிங்கபாகு தாயிடம், நாங்கள் ஏன் இங்கிருந்து போகவில்லை என்று கேட்கிறான். உன் தகப்பன் குகையைப் பாறையால் அடைத்துவிட்டுப் போகிறார் என்கிறாள் தாய்.

அந்தப் பாறையில்தான் கதை இருக்கிறது. சிங்கம் அவளை நேசித்தது, அதில் ஐயமில்லை. அவளும் விரும்பியே போனாள். ஆனால் வாசலில் பாறை. மகன் பாறையைத் தூக்கி எறிந்து தாயையும் தங்கையையும் சுமந்துகொண்டு போகிறான். தேடி அலைந்த சிங்கம் ஊர்களைக் கலக்குகிறது. அதைக் கொல்ல மகனே வருகிறான். அவன் விட்ட அம்பு பிள்ளைப் பாசத்தால் தகப்பன்மேல் தைக்காமல் திரும்பி விழுகிறது, மும்முறை அப்படி. பிறகுதான் சிங்கத்துக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்த கணத்தில் அம்பு தைக்கிறது. 1961இல் எதிரிவீர சரச்சந்திர 'சிங்கபாகு'வை மேடையேற்றியபோது, பார்த்தவர்களை உலுக்கியது வென்ற மகன் அல்லன், மனைவி மக்களைத் தேடிப் புலம்பும் சிங்கம். இலங்கையில் எழுந்த அரக்கக் காதல் கதைகளில் இதற்கு நிகர் இல்லை என்பது இந்தச் சொற்பொழிவாளரின் தீர்ப்பு.

மேலைநாட்டுக் காதல் நாவல் செய்வதை இப்போது எளிதில் சொல்லிவிடலாம். அது கொம்பை வைத்துக்கொள்கிறது, பாறையை எடுத்துவிடுகிறது.

பெண் அரக்கியாக இருந்தால் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. அதே மகாவம்சத்தின் அடுத்த அதிகாரத்தில் குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். விஜயனுக்காகத் தன் இனமான இயக்கரையே காட்டிக்கொடுக்கிறாள். அவனுக்கு ஆட்சி கிடைத்ததும் மதுரையிலிருந்து இளவரசி வருகிறாள், குவேனி வெளியே. இரண்டு பிள்ளைகளோடு தன் இனத்தாரிடம் திரும்பியவளை அவர்கள் கொன்றுவிடுகிறார்கள். மகாபாரதத்து இடும்பியிடம் பீமன் ஒரு மகன் பிறக்கும்வரைதான் இருந்தான். அவளுக்காவது பனி பெய்யும் மணாலியில் 1553இல் கட்டிய மரக்கோயில் இருக்கிறது. குல்லுத் தசராவுக்கு அவள் போய்ச் சேராமல் விழா தொடங்காது. பழையனூர் நீலி கணவனால் கொலையுண்டு பேயாகி, கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழிதீர்த்தவள். ஆண் அரக்கனாக இருந்தால் பெண் அவனைத் திருத்தக் காத்திருக்கிறாள். பெண் அரக்கியாக இருந்தால் ஆண் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறான். பழைய கதைகளின் கணக்கு இது.

இந்தக் கணக்கில் அடங்காதவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் நமக்கு மிகக் கிட்டியவள். நாகநாட்டு அரசன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்த பீலிவளை.

மணிமேகலைக் காப்பியம் சொல்லும் கதைப்படி, சோழன் புகார்க் கடற்கரைச் சோலையில் தனியே நின்ற அவளைக் கண்டான். ஒரு மாதம் அவனோடு இருந்தாள். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அரசன்தான் அவளைத் தேடிப் பித்துப்பிடித்து அலைந்தான். குழந்தை பிறந்தபின் அவள் மணிபல்லவத்துக்கு வந்து புத்த பீடிகையை வலம்வந்து, அங்கே நின்ற வணிகன் கம்பளச்செட்டியின் கப்பலில் மகனைத் தகப்பனிடம் அனுப்பினாள். அன்றிரவே கப்பல் உடைந்தது. பிள்ளை தொலைந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஒரு நாகப்பெண்ணின் காதலில் ஒரு தலைநகரமே போயிற்று. மணிபல்லவம் நயினாதீவே என்பது பலர் கொள்கை. குடாநாடு முழுவதுமே என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தக் கப்பல் புறப்பட்டது நம் கடலிலிருந்து.

நாகம் நம் தீவுகளில் வெறும் பயமாக ஒருநாளும் இருந்ததில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த பாம்பையும், அதை மறித்த கருடனையும், இரண்டுக்கும் நடுவே வந்த வணிகனையும் எல்லாரும் அறிவார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடலோடிய கதையும், அவனை எதிர்த்த நெடுந்தீவு வெடியரசன் கதையும் கண்ணகி வழக்குரையில் உள்ளன. கண்ணகை அம்மனுக்குக் கோயில் வைத்திருக்கும் மண்டைதீவில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிற்காலத்துத் திரைப்படம்தான் நாகப்பெண்ணைச் சுருக்கிவிட்டது. 1979இல் வந்த 'நீயா?' முதல் பின்னாளில் தமிழில் ஒலிமாற்றிய 'நாகினி' தொடர்வரை அவளுக்குக் கொடுத்த வேலை பெரும்பாலும் பழிவாங்குவது. 2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' படம், கேரளத்து இயக்கி நீலியை ஊரைக் காக்கும் வீராங்கனையாக்கிப் பெரும் வெற்றி பெற்றது. அந்தத் துணிவு தமிழில் நாகப்பெண்ணுக்கு இன்னும் கிட்டவில்லை.

தமிழில் அரக்கக் காதல் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ரமணிசந்திரன் காலத்துக் கோபக்கார நாயகனின் பேரன்மார் இன்று கைத்தொலைபேசித் திரையில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் உலாவுகிறார்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் நாயகி நாயகனை 'அரக்கனே', 'ராட்சசனே' என்று கொஞ்சும் தொடர்கதைகள் ஏராளம். அவனுக்குக் கொம்பு கிடையாது. சொந்தக் கம்பனி உண்டு, கறுத்தக் கார் உண்டு. அவன் அவளைக் கடத்துகிறான், பலவந்தமாகத் தாலி கட்டுகிறான், வீட்டில் பூட்டிவைக்கிறான். முந்நூறாவது பக்கத்தில் அவள் அவனை விளங்கிக்கொள்கிறாள். கொம்பை எடுத்துவிட்டுப் பாறையை வைத்துக்கொண்ட கதை இது. கிராம்புஸைக் கண்டு சிரிக்கிறவர்கள் இதைச் சிரிக்காமல் வாசிக்கிறார்கள். இரண்டில் எது பயங்கரம் என்று கேட்டால், ஆட்டுக்கொம்பு வைத்தவனோடு ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம். மற்றவனின் காரில் ஏறக்கூடாது.

வாசிக்கும் பெண்களைக் குற்றம் சொல்வது இங்கே நோக்கமில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் அரை மணித்தியாலம் தனக்கென்று ஒரு கதை தேடுகிறவளுக்குத் தமிழில் கிடைப்பது இது. வேறொன்றை எழுதிக்கொடுப்பது எழுதுகிறவர்களின் பொறுப்பு. பீலிவளை ஏன் அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு போனாள், மகனைக் கப்பலேற்றிவிட்டு நயினாதீவுக் கரையில் நின்றபோது என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயாலேயே சொல்லும் ஒரு நாவலைத் தீவகத்துப் பெண்ணொருத்தி எழுத வேண்டும். கொம்பு வேண்டாம், நாகத்தின் படமெடுத்த தலை இருக்கிறது. பாறை அவள் கதையில் எப்போதும் இருந்ததில்லை.

அதற்கு முன் ஒரு சிறிய வேலை. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் முனி, கொள்ளிவாய்ப் பேய், நாகம் பற்றிய கதைகளைத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலர் கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சொல்கிற பேச்சிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த ஊரில், எந்த மரத்தடியில், யாரிடம் கேட்ட கதை என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். பாடசாலை மலரிலோ கோயில் மலரிலோ அச்சிட்டு, ஒரு பிரதியை 'நூலகம்' என்ற இணையத் தொகுப்புக்கு அனுப்புங்கள்.